கைராசி இல்லாதவளின் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சீக்கு இருந்தது. மெக்கானிக்கைக் கண்டால் அது குணமாகிவிடும், அதுதான் கொடுமை.

பட்டுப் புடவைக் கரைக்கு டிசைன் போடுவது என் வேலை. திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டை தறியின் மேல் ஏறி, எந்த நூல் எழும்ப வேண்டும் என்று சொல்லும். என் கணவர் முன்னறையில் தறி நெய்கிறவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

ஒரு யாளியின் நகத்துக்கே அரை மணி நேரம் பிடிக்கும். நகம் முடியப் போகிறது என்று கொஞ்சம் மூச்சு விட்டால், பட்டென்று திரை கறுத்துவிடும். சில வாரம் தங்கம் போல ஓடும். சனியன் திருந்திவிட்டது என்று நம்பி உட்கார்ந்தால் மறுநாள் காலையிலேயே மூன்று முறை செத்துப் பிழைக்கும். திரும்பப் போட்டால், விட்டுப்போனதை மீட்டுத் தரட்டுமா என்று மகா பணிவாகக் கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் தலையில்லாத யாளி ஒன்று வரும்.

மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர், சின்ன காஞ்சிபுரத்தில் கடை. கூப்பிட்டால் மூன்றாம் நாள் வருவார். "சாமி புறப்பாடுமா, ரோடே பிளாக்கு" என்பார். இந்த ஊரில் அந்தச் சாக்கை யாரும் மறுக்க முடியாது. வீட்டுக்கு ஆள் வந்தால் என் கணவர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினால் மரியாதை இல்லையாம். இருவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, கம்ப்யூட்டர், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண் போல அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்ளும். முதல் தடவை மெக்கானிக் உள்ளேயிருந்த ஒரு சில்லைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினார். அடுத்த தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். மூன்றாம் தடவை சும்மா பார்த்தார்.

"நல்லாதானே ஓடிக்கினு இருக்குது? நீங்க இன்னாமா பண்றீங்க?"

"வரையறேன். வேற இன்னா பண்ணுவாங்க?"

"அடிக்கடி சேவ் பண்ணிக்கோங்க" என்று உபதேசித்துவிட்டுப் போனார்.

இதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் என் கணவர். சாயங்காலம் தறி வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் கோயில் வீடியோ பார்ப்பார். இரண்டு மணி நேரம், ஒரு சிணுங்கல் கிடையாது.

"எனக்கு மட்டும் ஆஃப் ஆவலயே? உனக்குக் கைராசி இல்லமா."

முதலில் கிண்டலாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கிண்டலோடு நிற்காது. தறியில் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றினால் மஞ்சள் குங்குமம் வைத்து முதல் ஊடை போடுவது, அதாவது முதல் குறுக்கு நூலைக் கோப்பது, நான்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கைதான். என் கை பட்ட பாவு அறுகாது என்று இவரே தெருவெல்லாம் பெருமை அடித்தவர். அடுத்த பாவு ஏற்றிய அன்று குளித்துவிட்டு குங்குமச் சிமிழோடு வந்து நின்றேன்.

"இந்த வாட்டி பக்கத்து வூட்டு அம்மா போடட்டும். உன் கை கொஞ்ச நாளா..." என்று இழுத்தார். முடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா போட்டார். நான் சிமிழைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கிணற்றில் போட்டிருப்பேன். அதைவிட வெட்கக்கேடு, அன்று முழுக்க என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான். வெள்ளிக்கிழமை திரைக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றையும் மேலே வைத்தேன். பட்டப்படிப்பு படித்தவள் நான், யாரிடமும் சொல்லாதீர்கள்.

நான்காம் தடவை மெக்கானிக் வந்தபோது என் கணவர் எழுந்திருக்கவில்லை. புடவையின் முந்தியை, அதாவது முந்தானையை, நெய்துகொண்டிருந்தார், அவசரம். "இவுருக்காக எழுந்து எழுந்து வந்தா பொடவ எப்போ முடியுறது? நீயே பாத்துக்கோ" என்று உள்ளிருந்தே கத்தினார். மரியாதை அன்றோடு தீர்ந்தது. நான் வரைந்தேன், மெக்கானிக் பின்னால் நின்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, திரை கறுத்தது.

"ஐயோ, ஆஃப் ஆயிடுச்சு!" என்று கத்தினார் மெக்கானிக். இத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். சுவரில் இருந்த ப்ளக் துளை தளர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் கணவர் தறியின் மிதியை மிதிக்க மிதிக்க, இந்தப் பக்கம் ப்ளக் ஒரு நூல் வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. புடவையின் உடல் நெய்யும்போது தறி இவ்வளவு ஆடாது. முந்தியில் ஜரிகை வேலை கனம், தறியின் மேலே அட்டை மாட்டிய பெட்டி மொத்தமாகத் தூக்கிப் போடும், சுவரே அதிரும். பழகிப்போன அந்தச் சத்தம் எங்கள் யார் காதிலும் விழவில்லை. மெக்கானிக் வீட்டிலும் தறிதான், அவர் காதிலும் விழவில்லை.

அவர் புது ப்ளக் பாயின்ட் மாட்டினார். பத்து நிமிஷ வேலை. கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அட, ப்ளக்கா! இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ண?"

"ப்ளக்கு இல்லீங்க. என் கையும் இல்ல. உங்க காலு."

அவருக்குத் திடீரென்று தாகம் எடுத்து அடுக்களைக்குப் போய்விட்டார். மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு சொல் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு வாங்கினால் அது என்ன மன்னிப்பு?

அந்தப் பாவு முடிந்து அடுத்தது ஏறியது. நான் யாளியின் வாலில் இருந்தேன். கணவர் வாசற்படியில் வந்து நின்றார், கையில் குங்குமச் சிமிழ்.

"வாமா, ஊடை போடணும். எல்லாம் ரெடியா இருக்குது."

"பக்கத்து வூட்டு அம்மா இல்லையா?"

"நீதான் போடணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேலையா இருக்கறேன். முடிச்சிட்டு வர்றேன், அதுவரைக்கும் தறி நிக்கட்டும்."

முக்கால் மணி நேரம் சிமிழோடு நின்றார். வாலில் பாக்கி இருந்தது நான்கே கட்டம்.