மிஷினுக்குள் இடம் பிரிப்பவர்

சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே ஞானதாஸ் எழுந்து வெளியே போனார். மாதா கோயில் வாசலில் சித்திரை வெயில் காய்ந்தது. கிடந்த செருப்புகளை ஜோடி பிரியாமல் எடுத்து வேப்பமர நிழலில் அடுக்கினார். வயதானவர்கள் பாதம் பொசுங்கக் கூடாதே என்ற எண்ணந்தான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பூசை முடிந்து வந்த சனம் வெறும் வாசலைப் பார்த்து, "ஏலே, செருப்பையெல்லாம் காணோம்!" என்று கூச்சல் போட்டது. தோல் வியாபாரி ராயப்பராஜ் கண்ணில் முதலில் பட்டவர், மரத்தடியில் கையில் ஒற்றைச் செருப்போடு நின்ற ஞானதாஸ்தான்.

அந்த மனிதருக்குத்தான் தம் மகள் ஆனந்தமேரியைக் கேட்கிறார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. ராயப்பராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்ணின் போட்டோவை அவர் மனைவி அதற்குள் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தும் விட்டிருந்தாள்.

ஞானதாஸுக்கு முப்பது வயது. ஒரு மாத லீவில் பம்பாயிலிருந்து அக்கா ஜெயமேரி வீட்டுக்கு வந்திருந்தார். கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டுவார். தீர்ந்துபோன தீப்பெட்டியைக்கூட வீட்டில் ஒவ்வொருவரிடமும் காட்டி, "இது யாருக்காச்சும் வேணுமா?" என்று கேட்ட பிறகே எறிவார். "வேணாம்டா சாமி, போட்டுத் தொலை" என்று அக்கா கத்த வேண்டும்.

"என்ன உத்தியோகம் தம்பி?" என்று ராயப்பராஜ் விசாரித்தார்.

"கணக்குப் போடுற மிஷின் மாமா. ஆளுங்க எழுதித் தர்ற கட்டளையைப் படிச்சு நடத்துற ஏற்பாடு ஒண்ணு அதுக்குள்ள செய்யுறோம். அது ஓடுறப்ப இடம் கேக்கும். இடம் பிரிச்சுக் கொடுக்கிறதும், வேலை தீந்த இடத்தைத் திரும்ப எடுக்கிறதும் என் பொறுப்பு."

"மிஷினுக்குள்ள என்னய்யா இடம்? நெலமா, வீடா?"

ராயப்பராஜ் இரண்டு வாத்தியார்களிடம் கேட்டுப் பார்த்தார். அப்படியொரு வேலையை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. சந்தேகம் முற்றியது. ஆளை நேரிலேயே சோதித்துவிடுவோம் என்று அய்யலூர்ச் சந்தைக்குக் கூட்டிப் போனார்.

ஆட்டு மந்தைகளைப் பார்த்ததும் ஞானதாஸுக்கு முகம் மலர்ந்தது. "இதான் மாமா என் வேலை! இது யார் ஆடுன்னு ஆட்டைக் கேக்க முடியாது. ஆள் கையிலருந்து கயித்தைப் புடிச்சுக்கிட்டே போகணும். கயிறு போய்ச் சேர்ற ஆட்டுக்கு, இது வேணுங்கிற அடையாளமா காவி பூசணும். அதோட கட்டியிருக்கிற குட்டிக்கும் பூசணும். எல்லாம் முடிஞ்ச பெறகு, காவி இல்லாததை வெளிய விட்டா அந்த இடம் அடுத்தவனுக்கு."

"ரெண்டு ஆடு ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிட்டு நின்னா?"

"ஆள் யாரும் புடிக்கலையே. ரெண்டும் வெளியதான்."

ராயப்பராஜுக்குச் சுருக்கென்றது. ஒன்றோடொன்று கட்டிக்கொண்டதையும் விரட்டுகிறவன் பெண்டாட்டியை எப்படி வைத்திருப்பான்? தோல்காரரின் மூளை வேறு பக்கமும் போனது. "வெளிய விட்ட ஆடு யார் வீட்டுக்கு மாப்ளே போகும்?"

"ஆடே கெடையாது மாமா, எல்லாம் நம்பர்தான்" என்று ஞானதாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பும் ராயப்பராஜுக்குப் பிடிக்கவில்லை.

லீவு முடிந்து ஞானதாஸ் கிளம்பும் நாளில் ராயப்பராஜ் ரயிலடிக்குப் போனார். வழியனுப்ப அல்ல, போட்டோவைத் திருப்பி வாங்க. கேட்டதும் ஞானதாஸ் முகம் வாடியது. சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். ஜெபப் புத்தகத் தாளில் மடித்து வைத்திருந்தார். வாங்கப் போன ராயப்பராஜின் கை பாதியில் நின்றது.

"உம்ம மிஷின்ல, ஒண்ணை ஆள் புடிச்சிருக்கானா இல்லையான்னே வெளங்கலை. அப்ப என்ன செய்வீரு?"

"வச்சுக்குவோம் மாமா" என்றார் ஞானதாஸ். "இடம் போனாப் போகுது. சந்தேகத்துல அழிச்சுட்டா, பெறகு அழுதாலும் கெடைக்காது."

வண்டி ஊதியது. ராயப்பராஜ் போட்டோவை வாங்காமலே நீட்டிய கையை மடக்கி, ஜன்னல் கம்பியிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.