சணப்புத் தழையும் சணப்பு விதையும்

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆட்டுக்குட்டிகளையும் சேர்த்துச் சொல் என்றால் முடியாது, அவற்றை நான் எண்ணி வைத்ததில்லை. பெரியவன் மஸ்கட்டில் இருக்கிறான். பெண்கள் இருவரும் திருப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். சின்னவன் கடலூரில் இருக்கிறான். நான் கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், ஆடுகளோடு இருக்கிறேன். வந்து எங்களோடு இரு என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

சின்னவன் பெண்டாட்டி இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மறுபடி வர வேண்டும். அதற்காகத்தான் குட்டிகளுக்குச் சணப்பு போட்ட கதையை நடந்தது நடந்தபடி சொல்ல உட்கார்ந்தேன். போனில் கூப்பிட்டு, வாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். எனக்கு அது வராது. வராத ஒன்றை வரும் என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. பகல் முழுக்க என் வாயில் வருவது ‘ஏய்’, ‘இந்தா’, ‘த்தா போ’ அவ்வளவுதான். ஆட்டிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. சில நாள் சாயங்காலம் யாராவது வந்து ஏதாவது கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. தை மாசம் ஈன்ற குட்டிகள் ஏழு. பங்குனியிலேயே வரப்பெல்லாம் காய்ந்துபோய்த் தாய் ஆடுகளுக்குப் பால் வற்றிவிட்டது. முன்பெல்லாம் வைக்கோலாவது இருக்கும். அறுவடைக்கு மிஷின் வந்த பிறகு வைக்கோல் தூளாகி வயலோடு போய்விடுகிறது. தவிட்டைக் கரைத்து வைத்தேன். குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. வாலடி எப்போதும் ஈரமாகவே இருந்தது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

பக்கத்து வயல்காரர் எனக்குக் கொழுந்தன் முறை. நெல் அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் சணப்பு விதைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அதை நாருக்காகப் போடுவதில்லை. பூ எடுக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி உழுதுவிட்டால் அடுத்த நெல்லுக்கு எரு. இடுப்பளவு வளர்ந்து பச்சைப்பசேல் என்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு என் ஆடுகள் கத்தின. நான் போய்க் கேட்டேன்.

“வயலுக்குப் போடற எருவ ஆட்டுக்கு அறுக்கச் சொல்றியா அண்ணி? அப்பறம் என் நெல்லு இன்னாத்தத் தின்னும்?”

“தின்ன ஆடு புழுக்கைய எங்க போடும்? உன் வயல்லதான கட்டப் போறேன்.”

“அது சரி. ஆடும் உன்னுது, ஞாயமும் உன்னுது. ஓரத்துல அறுத்துக்க. நடுவுல கால வெச்ச, அப்பறம் நானே கத்துவேன்.”

பச்சையாக வயிறு முட்டப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். அறுத்து வந்து நிழலில் பரப்பினேன். தண்டு ஒடியாமல் இலை மட்டும் சலசலக்கிற பக்குவத்தில் எடுத்தேன். அதிலும் எல்லாக் குட்டிகளுக்கும் போடவில்லை. மூன்று குட்டிகளுக்கு மட்டும் தவிட்டோடு ஒரு பிடி. மற்ற நான்குக்கும் பழையபடி தவிடு. கெடுதல் வந்தால் மூன்றோடு போகட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

கெடுதல் வரவில்லை. அந்த மூன்றுக்கும் முதலில் கழிச்சல் நின்றது. புழுக்கை தனித்தனியாக விழுந்தது. கண்ணின் உள்தோல் வெளுத்திருந்தது, அதில் சிவப்பு ஏறியது. பிறகு முதுகெலும்பைச் சதை மூடியது. அதன் பிறகுதான் மற்றவற்றுக்கும் போட ஆரம்பித்தேன்.

என்னைத் தவிர இதை முதலில் கவனித்தவள் என் சின்ன மருமகள்தான். அவள் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் கறவை மாடுகள் உண்டு. அமாவாசை போனதும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். வரும்போது முதுநகரில் மீன் வாங்கிக்கொள்வாள். அன்றைக்கு மீன் பையைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குள் நின்றாள்.

“அத்தை, இதுங்கல்லாம் ஒரே ஈத்துக் குட்டிதானா? இது மூணும் எண்ண தடவுன மாதிரி இருக்குதே.”

“சணப்பு தின்னுது.”

“எனக்கும் ரெண்டு கட்டு குடுங்க. முடி கொத்துக்கொத்தா கொட்டுது.”

“உனக்கு இல்லாததா. தொட்டியில போட்டு வெக்கறேன், குனிஞ்சி தின்னு.”

“குனிஞ்சா அப்பறம் என்னையும் சேத்துக் கட்டிடுவீங்க. உங்கள நம்ப முடியாது.”

அன்றைக்கு மீன் ஆய்ந்துகொண்டே சிரித்தோம். நான் பெற்ற பெண்களோடு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. அவர்கள் நல்ல பெண்கள்தான். ஆனால் ஆட்டுக் கொட்டகைக்கு வர மாட்டார்கள்.

சித்திரை கடைசியில் எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்று சிதம்பரத்தில் ஆப்பரேஷன் செய்யச் சொன்னார்கள். ஆடுகளை யார் பார்ப்பது என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் போனில், ஆட்டை வித்துத் தொலையேம்மா என்றார்கள். இவள்தான் பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் துணிப்பையோடு வந்து இறங்கினாள். “நீங்க போங்க அத்தை. மாட்டையே பாத்தவ, ஆட்டப் பாக்க மாட்டேனா?” என்றாள். சின்னவன் என்னைச் சிதம்பரம் அழைத்துப் போனான்.

கொழுந்தன் வயலில் ஒரு மூலையை முன்பே விதைக்கென்று விட்டு வைத்திருந்தார். அதில் எடுத்த விதையில் எனக்கும் ஒரு பை கொடுத்திருந்தார், கொல்லையில் போட்டுக்கொள் என்று. அந்தப் பை உள்ளே ஆணியில் தொங்கியது.

அவள் பிறந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டி மாட்டுக்கு வைப்பார்கள். பால் கெட்டியாக வரும். பருத்தி இலையை யார் மாட்டுக்குப் போடுகிறார்கள்? கொட்டையில்தானே சத்து. மாடு வளர்த்த வீட்டில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இலை தின்றே குட்டி இப்படி மினுக்குகிறதே, விதை தின்றால் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது குட்டிகளைக் காட்டி என்னை அசர வைக்க வேண்டும் என்று ஆசை. சணப்பு விதையை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, கஞ்சியில் கலந்து தினமும் வைத்திருக்கிறாள். கசப்பு தெரியாமல் இருக்க வெல்லம் போட்டிருக்கிறாள். என் குட்டிகளுக்கு வெல்லம் போட்டுக் கொடுத்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியபோது அவள் சிரித்த முகமாக வரவில்லை. கொட்டகையில் அந்த மினுக்குக் குட்டிகளில் ஒன்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயில் நீர் வழிந்தது. நான் குனியக்கூடாது, தூசி ஆகாது. தள்ளி நின்று, என்ன போட்டாய் என்று கேட்டேன். பருத்திக்கொட்டை மாதிரிதானே என்று அவள் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நான் வந்த அதே ஆட்டோவில் அந்தக் குட்டியையும் இன்னொன்றையும் மடியில் போட்டுக்கொண்டு அவளே கீரப்பாளையம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் கண் இமையைப் புரட்டிப் பார்த்தாராம். மஞ்சளாக இருந்ததாம். அவர் சொன்னதை வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

“தழை நல்லதுதான்மா, தாராளமா குடுக்கலாம். வெதையில வெஷம் இருக்குது, அது ஈரலப் புடிக்கும். பெரிய மாடுன்னா கொஞ்சம் தாங்கும். இது பால்குட்டி.”

ஊசி போட்டு, வீட்டில் இருந்தவற்றுக்கும் மருந்து கொடுத்தார். ஐந்து தேறின. அந்த இரண்டும் போய்விட்டன. கொழுந்தன் வந்து குழி வெட்டினார்.

ஆட்களுக்கு வேடிக்கை பேச வேறு நேரமா கிடைக்காது. என் பிள்ளை வாசலில் நின்று, “ஏன்டி, ஆடு ரெண்டு லிட்டரு கறக்கும்னு பாத்தியா?” என்று கேட்டான். கொழுந்தன், “மேல்பட்டாம்பாக்கத்து வைத்தியம் மச்சான், நம்ம ஊரு ஆட்டுக்கு ஒத்துக்கல” என்று என் மகனைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அண்ணன் மகனை மச்சான் என்று கூப்பிடும் அளவுக்கு அவருக்குக் குஷி. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆட்டுக்கல்லைக் கழுவினாள். கழுவிய கல்லையே மறுபடி கழுவினாள்.

நான் உள்ளே படுத்திருந்தேன். அவள் வந்து என் கால்மாட்டில் நின்று, “அத்தை” என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் திரும்பினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, அழவே கூடாது, அழுதால் வைத்த லென்சு கெட்டுவிடும் என்று சிதம்பரத்தில் நர்ஸ் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். செத்த குட்டிக்காக மட்டும் இல்லை. அந்த வெல்லத்தை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே போதும், பொத்துக்கொண்டு வரும். அதனால் சுவரைப் பார்த்தேன். “போய்ட்டு வர்றேன் அத்தை” என்றாள். “ம்” என்றேன். கடைசி பஸ்ஸில் போய்விட்டாள்.

அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். சின்னவன் தனியாக வருவான். அவன் கையில் மீன் குழம்பு டப்பா இருக்கும். நான் டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. முருங்கைக்கீரையோ, இரண்டு முட்டையோ போட்டு அனுப்புவேன். இரண்டு வருஷமாக டப்பாதான் போய் வருகிறது. குழம்பில் உப்பு எப்போதும் எனக்கு அளவாகப் போட்டிருப்பாள். எல்லாரும் கேலி பேசியதுதான் அவளுக்குக் காயம், ஆறிவிட்டால் வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் குட்டிகளுக்குச் சணப்புதான். பூ எடுப்பதற்கு முன் அறுப்பேன், நிழலில் காய வைப்பேன். ஒரு காய் கூட உள்ளே வர விடமாட்டேன். கழிச்சல் இல்லை. முதுகு பளபளவென்று இருக்கிறது. எண்ணெய் தடவின மாதிரி இருக்குதே என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நானே சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

போன வாரம் பேத்தி லீவுக்கு வந்தாள். அப்பன் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்போதே பஸ் ஏறிவிட்டான். குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டே, “ஏன் ஆயா, எங்கம்மா மூஞ்சியப் பாக்காமயே திரும்பிப் படுத்துக்கிட்டியாமே?” என்று கேட்டாள். இத்தனை நாள் அவள் அம்மா சுமந்துகொண்டிருந்தது என் முதுகைத்தானா.

அன்றைக்கு மத்தியானமே எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் நாலு வரி என் கையெழுத்து. கோணல்மாணலாக இருக்கும். மீதியைப் பேத்தி எழுதினாள். நான் பேசுவதை அப்படியே எழுதாமல் பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதுகிறாள். எழுதட்டும்.

போதும், பேனாவை மூடு. இப்போது முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படி. எந்த இடத்தில் ஆயாவுக்குக் கோபம் இருக்கிற மாதிரித் தெரிகிறதோ அந்த இடத்தில் நிறுத்து. அதை அடித்துவிட்டு வேறு மாதிரி சொல்கிறேன்.