கபீர் பாய் ஊதிக் காட்டியது

கலைச்செல்விக்கு எரிச்சல் எப்போதும் மூக்குநுனியில்தான். திருப்புல்லாணிப் பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண், கீழக்கரைக் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சில்லில் பச்சைப் படலம் ஊற்றி ஊற்றியே கல்யாண வயதைக் கடத்திவிட்டாள் என்று ஊரே பேசினால் வேறெப்படி இருக்கும்? மின்சாரம் கடத்தும் பாலிமரை இன்னொரு பாலிமரோடு கலந்து செய்த படலம் அது. குடித்தவன் ஊதினால் மின்தடை மாறி மீட்டரில் எண் ஏறும். டிரைவர்களைச் சோதிக்க மலிவான கருவி செய்யலாம். ஆனால் கடல்காற்று கொஞ்சம் ஈரமாக அடித்தாலே போதும், அந்தச் சனியன் காட்டும் எண் தானாக ஆடும். ஜன்னலை அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, ஒருவழியாக அதை அடக்கியிருந்தாள்.

வெளியூர் நிபுணர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஊதப்போகிறவர் குடித்தவரா இல்லையா என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. குடிக்காத ஆளாகக் கல்லூரி வேன் டிரைவர் அகமது கபீரை வரச்சொல்லியிருந்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்.

அவர் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வெள்ளைச் சட்டையில் வந்து ஊதினார். எண் விறுவிறுவென்று ஏறியது.

நிபுணர் சிரித்தார். "பிரமாதமா வேலை செய்யுதேம்மா. டிரைவர் காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு போல."

கபீரின் முகம் செத்துப்போனது. "வல்லாஹி, அல்லா சத்தியமா நான் தொட்டதே இல்ல சார்."

அப்போதுதான் அவளுக்கு வாசம் எட்டியது. அவர் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட். பெரிய மனிதர் வருகிறார் என்று தாடியிலிருந்து மார்புவரை அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதில் இருப்பதும் ஆல்கஹால்தான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் நிபுணர் சரி என்று எழுதிவிடுவார். திறந்தால் இத்தனை வருஷப் பாடும் வீண். கபீர் நிமிரவே இல்லை. ஊரில் பாதிப்பேர் சென்ட் அடித்துக்கொண்டுதான் வண்டி எடுக்கிறார்கள். அவர்கள் முகத்தில் இந்தக் கருவியை நீட்டினால் அத்தனை பேரும் குடிகாரர்கள்தான்.

"அவரு குடிக்கல சார். சென்ட் போட்டிருக்காரு. என் ஃபிலிமுக்குத்தான் வித்தியாசம் தெரியல."

நிபுணர் பேனாவை மூடினார். "அப்ப அதச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க."

வெளியே கபீர் தயங்கி நின்றார். "மன்னிச்சுக்கம்மா. அடுத்தவாட்டி சென்ட் போடாம வாரேன்."

"போட்டுட்டே வாங்க பாய்," என்றாள் வெடுக்கென்று. "நாளைக்கே வாங்க. அந்தப் பாட்டிலையும் கொண்டாங்க."