மொபெட் நம்பர்

தம்பியின் தகனம் முடிந்து வந்தவர்கள் கலையத் தொடங்கியபோது அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவன் போட்டோ ஒண்ணுகூட இல்லையாட்டி?" என்பதுதான். பதினாறாம் நாளன்று மாலை போட ஒரு படம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இருந்தது பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோ மட்டும். அதில் முன்னால் நிற்பவனின் தலை மறைத்து, தம்பிக்குப் பாதி முகம்தான் இருந்தது.

"இருக்குப்பா. அவன் ஈமெயில்ல இருக்கு, நான் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

பெங்களூரில் அவனுடைய நண்பன் ஒருவன் எடுத்த படம். ஸ்கேன் செய்து தன் ஈமெயிலில் போட்டு வைத்திருப்பதாகவும், ஆடிப்பூரத்துக்கு வரும்போது காட்டுவதாகவும் தம்பி போனில் சொன்னான். ஆடிப்பூரம் வருவதற்குள் அவன் போன பைக் லாரியில் மோதிவிட்டது. படம் எடுத்த நண்பனும் அதே பைக்கில்தான் இருந்தான்.

இது தொண்ணூறுகளின் கடைசியில். அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலம் அது. அப்பா யார் யார் காலிலோ விழுந்து வாங்கிக் கொடுத்த மில் வேலையை உதறிவிட்டு, தம்பி கம்ப்யூட்டர் வேலைக்கென்று பெங்களூர் போனான். "இனிமே இந்த வாசப்படி ஏறாதலே" என்றார் அப்பா. அவனும் ஏறவில்லை. லீவுக்கு வந்தால் ராஜபாளையத்தில் என் வீட்டில்தான் தங்குவான். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பாள். அம்மா போய் வெகுநாளாகியிருந்தது. எனக்குத் திட்ட வரும், சேர்த்து வைக்க வராது.

கடைசியாக வந்தபோது எங்கள் தெருமுனை பிரௌசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் ஈமெயிலைத் திறந்து காட்டினான். பாஸ்வேர்டை அவன் தட்டும்போது நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, இது அப்பா மொபெட் நம்பர்லா?"

"அப்பாட்ட சொல்லிராதக்கா" என்று சிரித்தான். முகம் சிவந்துபோயிற்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டுதான் அவன் பள்ளிக்கூடம் போனான்.

ஆகவே படத்தை எடுப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை என்று நினைத்தேன். ராஜபாளையத்துக்குத் திரும்பிய அன்றே சென்டருக்குப் போய் நம்பரை அடித்தேன். திறக்கவில்லை. தவறான பாஸ்வேர்ட் பலமுறை போடப்பட்டிருக்கிறது, சற்று நேரம் கழித்து வாருங்கள் என்று வந்தது. நான் போட்டதே ஒருமுறைதான். காத்திருந்து போட்டேன். மறுநாள் போட்டேன். காத்திருக்கச் சொல்லும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று.

சென்டர்க்காரர் விளக்கினார்: "வேற யாரோ எங்கிருந்தோ தப்புத் தப்பாப் போட்டுப் பாக்காங்கக்கா. திருடன் வரிசையா ஒவ்வொரு சாவியாப் போட்டுப் பாத்துரக் கூடாதுல்லா, அதுக்குத்தான் இப்படி இழுத்தடிக்கும். அந்த நேரம் முடியறதுக்குள்ள நீங்க சரியாப் போட்டாலும் அது பாக்காது."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. செத்தவன் பெட்டியில் என்ன கிடைக்குமென்று இப்படித் துழாவுகிறான்? அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனதும் அப்பாவிடம், "எவனோ ஒரு திருட்டுப்பய தம்பி ஈமெயில்ல நுழையப் பாக்கான்ப்பா. வெளங்காமப் போவான்" என்று சபித்துக் கொட்டினேன். காத்திருக்கச் சொல்கிற விவரமெல்லாம் சொல்லவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

காரியத்துக்குச் சாமான் வாங்க நானும் சற்றுப் பொறுத்துக் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். வழியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிரௌசிங் சென்டர் வந்திருந்தது. அதன் வாசலில் அப்பாவின் மொபெட் ஸ்டாண்டு போட்டு நின்றது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தார் அப்பா. அவர் தேடிய சாவி வெளியே தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

"அவன் டைரில இருந்த ஈமெயில் விலாசத்த வச்சு அன்னைலருந்தே போட்டுப் பாக்கேன் தாயி. நீ சொன்ன பொறவு, அந்தத் திருடன் முந்திரக் கூடாதேன்னு இன்னும் வெரசாப் போட்டேன்" என்றார்.

நான் சற்று முன் சபித்தது இவரைத்தான்.

"என்னத்தப் போட்டுப் பாத்திய?"

"ஒங்க அம்மா பேரு போட்டேன். ஒம் பேரு. நம்ம தெருப் பேரு. அவன் படிச்ச பள்ளிக்கூடம். ஆண்டாள் பேரக்கூடப் போட்டேன்."

"ஒங்க பேரு?"

"எம் பேர அவன் எதுக்கு வைக்கான்" என்றார். கோபமில்லாமல், ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தம்பிக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்தில் உடைத்தேன். அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து மொபெட்டின் பின்னால் நிறுத்தினேன். "இதுதான்ப்பா அவன் வச்சிருந்தது" என்று நம்பர் பிளேட்டைக் காட்டினேன். அத்தனை வருடமாக அவர் ஓட்டிய வண்டி. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு ஸீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். தெருவில் போனவர்கள் வண்டி ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதே திறக்க முடியவில்லை. அவர் போட்ட தப்புகளுக்கெல்லாம் சேர்த்து மறுநாள் வரை காத்திருக்கச் சொன்னது. யாரும் தொடவில்லை. மறுநாள் அதே நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, அவரையே போடச் சொன்னேன். முதல் எழுத்தைத் தேடவே வெகு நேரம் பிடித்தது. கடைசி எண்ணை அமுக்கிவிட்டு என்னைத்தான் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை.

திறந்துவிட்டது. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படம் இறங்கி வந்தது. முதலில் முடி, பிறகு நெற்றி, நான் பார்த்தேயிராத மீசை. முழு முகம். எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. சென்டர்க்காரப் பெண் பிரிண்ட் போட எழுந்தாள்.

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் போட்டதுக்கா தெறந்துச்சு?"

"ஆமாப்பா. ஒங்க வண்டி நம்பருக்குத்தான்."

"இன்னொரு தடவ மூடிக் குடு தாயி. நான் தெறந்து பாக்கேன்."

நான் மூடிக் கொடுத்தேன்.