ராபியாவின் சாவி

1982-இல் கடலோர ஏரிக்கரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராபியா ஆபரேட்டர். உப்புக்காற்றில் கம்பிகள் இரையும். அதனால் யாராவது பேசும்போது, போர்டில் ‘சாவி’ என்று சொல்லும் சுவிட்சைத் தள்ளி, லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப்பார்ப்பாள். தன் குரல் அவர்களுக்குப் போகாது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததை முணுமுணுப்பாள்.

அன்று காட்டூர் இறால் வியாபாரி சாலமன், பொன்னேரி ஐஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ராபியா சாவியைத் தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

“இன்னா நைனா, உன் கடையாண்ட பாங்கு சொல்றாங்களா?” என்றார் சாலமன்.

“இங்க ஏது? உன் பக்கம்னு நெனச்சேன்” என்றார் ஐஸ்காரர்.

பாங்கு தன் மவுத்பீஸ் வழியாகத்தான் போகிறது என்று ராபியாவுக்குப் புரிந்தது. பாழாய்ப்போன உப்பு சாவியையும் அரித்திருக்கிறது. அவள் முணுமுணுத்ததெல்லாம் லைனில் போயிருக்கிறது! இப்போது சாவியைத் திருப்பித் தள்ளினால் ‘டக்’கென்று அவர்களுக்குக் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சாலமன் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நேத்து என்னை ‘சாவுகிராக்கி’னு திட்னது உன் சம்சாரம் இல்லியா?”