எண்ணாமல் விட்ட ஐந்தாவது முள்

எங்கள் தம்பி இறைவனடி சேர்ந்து இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு இம்முறையும் என்னிடம் வந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரையும் நானே எழுதினேன். அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ஏழாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "தூண்டில் போடுவதில் பிரியம் கொண்டிருந்த தம்பி, தமது கவனயீனத்தால் காலில் ஏற்பட்ட காயம் காரணமாக நோயுற்றார்" என்று அங்கே ஒரு வாக்கியம் இருக்கிறது.

அந்த வாக்கியம் பொய். பொய் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். அதைத் திருத்துவதற்காகவே இந்தக் கட்டுரை.

தம்பி முன்னேஸ்வரத்தில் பிறந்தவர். எனக்கு ஆறு வயது இளையவர். அப்பா கோயில் வீதியில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். நான் படித்தேன், கணித ஆசிரியரானேன், பாடசாலை அதிபராக ஓய்வு பெற்றேன். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். அதுவும் முழு உண்மையல்ல. அப்பா பாரிசவாதத்தில் விழுந்தபோது இருவரில் ஒருவர் கடையில் நிற்க வேண்டியிருந்தது. அவர் நின்றார். யாரும் அவரைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகாமல் கடையைத் திறந்தார், அவ்வளவுதான்.

பிறகு தேங்காய் லொறி ஓட்டினார். எங்கே நிறுத்தினாலும் இறங்கி எல்லாச் சக்கரத்தையும் கையால் தட்டிப் பார்ப்பார். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

எலுவன்குளத்தில் மச்சாளைக் கல்யாணம் செய்தார். வில்பத்துக் காட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. யுத்த காலத்தில் அங்கே இருக்க முடியாமல் போனபோது மச்சாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு முன்னேஸ்வரத்துக்கே திரும்பினார். பல வருடங்கள் எங்கள் வீட்டின் பின் அறையில் இருந்தார்கள். அந்த வருடங்களில் எவ்வளவு களைத்து வந்தாலும் எங்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் அவர் படுத்ததில்லை. நாங்கள் அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

யுத்தம் முடிந்ததும் எலுவன்குளத்துக்குத் திரும்பினார்கள். வயல் இருந்த இடத்தில் பற்றைக் காடு. இரண்டு போகம் வீணாகி, மூன்றாவதில்தான் நெல் கண்டார். அந்தக் காலத்தில்தான் அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பிடித்தது. கால் பாதங்கள் மெல்ல மெல்ல மரத்துப் போயின. சுடுமணலில் நடந்தாலும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குளமும் மூங்கில் தூண்டிலும் அவருடைய ஒரே பொழுதுபோக்கு.

என் மனைவி காலமான வருடம் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சுவரோட கதைச்சுக்கொண்டு இருக்கிறீங்களாம் எண்டு கேள்விப்பட்டன். இங்க வாங்க அண்ணே. குளத்தில தூண்டில் போடுவம்."

"எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாதே."

"அது மீனுக்குத் தெரியாதுதானே. வாங்க."

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புத்தளம் போய், அங்கிருந்து அடுத்த பஸ் ஏறி எலுவன்குளத்தில் இறங்குவேன். அன்றிரவு தம்பி வீட்டில் தங்கி ஞாயிறு திரும்புவேன். எழுபது வயதில் நான் மாணவனானேன். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் குளத்துக்கு இனியும் போவார்கள். ஆகவே அவர் சொல்லித் தந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் நான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே தண்ணீர் விளிம்புக்குப் போனேன். தம்பி என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "மூண்டு எட்டுப் பின்னுக்கு நில்லுங்க. முதலைக்கு அதிபரெண்டு தெரியாது." வெயில் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். அப்போதுதான் நிழல் முதுகுக்குப் பின்னால் விழும். நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் போய்விடும். புதிதாக வருபவர்கள் மீன் நடுக்குளத்தில் இருக்கிறதென்று நினைத்து எட்ட வீசுவார்கள். காலை நேரத்தில் திலாப்பியா கரையோரப் புல்லுக்குள்தான் மேயும், கையெட்டும் தூரத்தில். ஒரு பிடி தவிட்டை முதலில் தூவிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். இரைக்குப் பேக்கரிப் பாண் போதும். நடுச்சதையை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, முள்ளின் முனை மட்டும் தெரியாதபடி சிறு உருண்டையாகப் பிடிக்க வேண்டும். நான் பிடித்த முதல் உருண்டையைப் பார்த்து, "இது மீனுக்கா, யானைக்கா?" என்றார்.

மிதவை நடுங்கினால் இழுக்கக் கூடாது. அது மீன் மணந்து பார்க்கும் நேரம். மிதவை சரிந்து ஒரு பக்கமாகப் போகும்போதுதான் தடியைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும், மேலே அல்ல. சிறிய மீனைத் திருப்பி விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். உலர்ந்த கை அதன் தோலை உரித்துவிடும். மீனைக் கரையில் வைத்து வெட்டிக் கழுவக் கூடாது, இரத்தத்துக்கு முதலை பழகிவிடும். வெயில் சாயமுன் எழும்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு கரை யானைகளுடையது.

இவை எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது ஒன்று. தூண்டில் முட்களைப் பழைய ரப்பர் செருப்பின் துண்டொன்றில் குத்தி வைத்திருப்பார். எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தந்தார், ஐந்து முட்களோடு. கரையை விட்டு எழும்புமுன் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் கிடைக்கும் வரை தேட வேண்டும், மீன் போனாலும் பஸ் போனாலும். அந்தக் கரையில் பெண்கள் குளிக்க வருவார்கள், மாடுகள் தண்ணீர் குடிக்க வரும், எல்லோரும் வெறுங்கால். தம்பியும் வெறுங்கால்தான். செருப்புச் சத்தம் மண் வழியாக மீனுக்குப் போகும் என்பார். மச்சாள் அதற்காக அவரை ஏசாத நாளில்லை.

முள்ளோடு ஒரு சாண் தங்கூசி நூலைக் கட்டி வைப்பது வழக்கம். என் முட்களை நானே கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என் விரல்களுக்கு அவருடைய சின்ன முடிச்சு வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டு வாலையும் வெட்டாமல் விடுவேன். தம்பி அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"முடிச்சா இது? முன்னேஸ்வரத்துத் தேர் வடம் மாதிரி இருக்கு."

"அவிழாது பார்."

"அவிழாது. மீன் அதைக் கண்டால் கும்பிட்டுட்டுப் போகும்."

அந்தத் தவறு நடந்தது நான் போகத் தொடங்கி நாலைந்து மாதங்களின் பின். ஒரு சனிக்கிழமை என் தூண்டில் கரையோர மருத மரத்தின் வேரில் சிக்கிக்கொண்டது. தம்பி தூரத்தில் நின்றார். அவர் வந்து பகிடி பண்ணுமுன் எடுத்துவிட வேண்டுமென்று ஆத்திரத்தோடு இழுத்தேன். முள் வேரிலிருந்து விடுபட்டுத் தெறிக்க, நூலும் அறுந்தது. முள் என் தோளுக்கு மேலால் பறந்து பின்னால் எங்கோ புல்லில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். கேட்டது. காலால் புல்லை இரண்டு தரம் விலக்கிப் பார்த்தேன். பிறகு வேறு முள்ளை மாட்டிக்கொண்டேன்.

போகும் நேரம் தம்பி கேட்டார்: "அஞ்சும் இருக்கா அண்ணே?"

"ஓம்."

"எண்ணினீங்களா?"

"நான் கணக்கு வாத்தியார். அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டு நடந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு விடையைச் சரிபார்க்கச் சொன்ன வாய் என்னுடையது.

அடுத்த கிழமை வரும் வழியில் புத்தளத்தில் இறங்கி, அதே அளவில் ஒரு முள் வாங்கிச் செருப்புத் துண்டின் வெற்றிடத்தில் குத்தினேன். ஆகவே நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை, அதே மருத மரத்தடியில், முதன்முறையாக எனக்கு ஒரு பெரிய விரால் பட்டது. தடி வளைந்தது. "தம்பி!" என்று கத்தினேன். அவர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "விடாதீங்க அண்ணே! இழுக்காதீங்க, களைக்க விடுங்க!" எனக்குப் பின்னால், அந்தப் புல்லுக்குள், வெறுங்காலோடு அங்குமிங்கும் ஓடினார். விராலைக் கரையேற்றியதும் என்னைக் கட்டிப் பிடித்தார். எங்கள் வயதில் அண்ணன் தம்பி கட்டிப் பிடிப்பதில்லை. அன்று பிடித்தோம். அன்றிரவு மச்சாள் ஆக்கிய கறியைச் சாப்பிட்டபோது நான் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை சீமெந்துத் தரையில் இரத்தப் பொட்டுகளைக் கண்டது மகள். தம்பிக்கு ஒரு நோவும் இல்லை. கால்விரல்களின் அடியில் முள் முழுதாக ஏறியிருந்தது, நூல் துண்டு வெளியே தெரிந்தது. அயலில் இருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் தன் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். தாதி முள்ளை வெட்டி எடுத்துத் தட்டில் போட்டார். கட்டிலின் மறுபக்கத்தில் நான் நின்றேன். மூன்று முடிச்சும் வெட்டாத வாலும் இரத்தத்தோடு அந்தத் தட்டில் கிடந்தன.

தம்பி அதைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார். "என்ட தூண்டில்தான் டொக்டர். கவலையீனமா விட்டுட்டன்." தாதியிடம், "அதை எறிஞ்சுடுங்க பிள்ளை" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே காலை. எட்டு மாதம் பாயிலும் கட்டிலிலுமாகக் கிடந்தார். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். மச்சாள் என் முன்னாலேயே அழுது ஏசுவார்: "செருப்பும் போடமாட்டீங்க, முள்ளையும் எண்ணமாட்டீங்க, ஊருக்கு மட்டும் புத்தி சொல்லுவீங்க." தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓம், என்ட பிழைதான்" என்பார். ஒரு வசனம் சொன்னால் போதும், அந்த ஏச்சு நின்றிருக்கும். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை மச்சாள் மருந்து எடுக்க உள்ளே போன நேரம் அவர் என் கையைத் தட்டினார்.

"அண்ணே, இனிக் கட்டேக்க முடிச்சைச் சின்னனாக் கட்டுங்க."

கேலி செய்யும் குரல்தான், மூச்சுத்தான் குறைவு. அவருக்குத் தெரியும் என்பது மட்டுமல்ல, தெரிந்திருக்குமோ என்ற பயத்தோடு நான் இனி வாழக்கூடாதென்று அதைச் சொல்லிவிட்டும் போகிறார் என்று எனக்கு விளங்கியது. "சரி" என்றேன். புதன்கிழமை போய்விட்டார்.

அதன் பிறகும் முப்பத்தோராம் நாள் மலரில் அந்த வாக்கியத்தை எழுதினேன். ஊர் முழுக்க அப்படித்தானே சொல்கிறது என்று நினைத்தேன்.

சென்ற மாதம் எலுவன்குளத்துக்குப் போய் மச்சாளையும் மகளையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மகள் எழும்பி உள்ளே போனாள். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மச்சாள் முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"கால் எடுத்த அண்டைக்கும் நான் அவரைத்தான் ஏசினன், அத்தான். செத்த வீட்டிலயும் அதைச் சொல்லித்தான் அழுதன்."

நான் மன்னிப்பு என்று வாயெடுத்தேன்.

"என்னட்ட அதைக் கேக்காதீங்க. புத்தகத்தில எழுதினீங்கதானே, புத்தகத்திலயே மாத்துங்க. அவர் கவலையீனமான ஆள் இல்ல. அதை எல்லாரும் வாசிக்கட்டும்."

தம்பியின் நோய்க்காலத்தில் வான் தந்த அந்த அயலவருக்கும், தம்பியின் வயலை அறுத்து நெல்லை வீடு சேர்த்த சிங்கள நண்பர்களுக்கும், புண்ணைக் கழுவிக் கட்டிய டொக்டர்கள், தாதிமாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மச்சாளுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் சொன்னதைச் செய்கிறேன்.

பழைய மலரின் ஏழாம் பக்கத்தை எடுங்கள். அந்த வாக்கியத்தைப் பேனையால் வெட்டிவிட்டு, பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்:

"தம்பி மிகவும் கவனமான மனிதர். அண்ணன் தேடாமல் விட்ட முள் அவர் காலில் ஏறியது. அது யாருடைய முடிச்சென்று தெரிந்தும் அவர் சொல்லவில்லை."