ஒளிவட்டத்துக்கு மேல் ஒரு தொப்பி

பெரெபெட்வா நக்கிகாண்டாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கைத்திறமை அதைவிட ஜாஸ்தி. கிகோம்பே கிராமத்தில் எந்தக் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தாலும் அவள் எழுத்துதான். சலூன், பல் பிடுங்குகிறவர், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, எல்லாருக்கும் அவளே. பன்றிக்கறிக் கடைப் பலகையில் பன்றி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும். "வெட்டுப்படப் போற பன்றி எதுக்கும்மா சிரிக்குது?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நீ கறிக்குச் சொல்ற விலையைக் கேட்டுத்தான்" என்றாள்.

அவள் வரைந்ததிலேயே அவளுக்குப் பிடித்தது கோயிலில் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற உபதேசியார் அத்தனாசி கிபிராங்கோவின் படம்தான். ஊருக்கு ஜெபமும் வேதமும் சொல்லிக்கொடுத்த அந்த உபதேசியார் செத்து இருபது வருஷம் ஆகிறது. அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று பிஷப்பின் மேற்றிராசனத்தில் விசாரணை ஆரம்பித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் எங்கே அதுவரை காத்திருந்தார்கள்? காய்ச்சல் வந்தாலும், மாடு காணாமல் போனாலும், பிள்ளைக்குப் பரீட்சை வந்தாலும் அவர் கல்லறைக்குத்தான் ஓடினார்கள். பெரெபெட்வாவும் தன் பங்குக்குப் பதினோரு வருஷம் முன்பே அவர் தலையைச் சுற்றித் தங்க நிறத்தில் ஓர் ஒளிவட்டம் போட்டுவிட்டாள். சின்னதாகவா போட்டாள்? மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு!

அங்கேதான் வந்தது வினை. வியாழக்கிழமை வருகிறோம் என்று விசாரணையை நடத்துகிற ஃபாதர் கயெம்பாவிடமிருந்து கடிதம் வந்தது. ரோமாபுரி அறிவிப்பதற்கு முன்னால் யாரையும் புனிதர் என்று கோயிலில் வைத்துக் கும்பிடக் கூடாது, அப்படிச் செய்திருந்தால் வழக்கு அதோடு நின்றுவிடும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கோயில் சபைத் தலைவர் பொன்சியானோவுக்குப் படித்த மாத்திரத்தில் வியர்த்துக் கொட்டிவிட்டது.

"அக்கா, அந்த வட்டம் இருந்தா கேஸே போச்சு."

"அவர் புனிதர்னு மோட்சத்துக்கே தெரியும். ரோமாபுரிக்குத் தெரிய இன்னும் எத்தனை வருஷமாம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை வர்றாங்க. அது தெரியும்."

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குடையாக மாற்று என்றார் ஒருவர். தலைக்குப் பின்னால் நிலா என்று சொல்லிவிடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் தொப்பி என்று முடிவானது. பெரெபெட்வா ஊரையே திட்டிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒளிவட்டத்தை வைக்கோல் தொப்பியாக்கினாள். வட்டம் அவ்வளவு பெரிசு என்பதால் தொப்பியும் அவ்வளவு பெரிசு.

"அக்கா, இது தொப்பியா, குடிசைக் கூரையா?"

"வாயை மூடிட்டுப் போறியா, உன் தலைக்கும் ஒண்ணு போடட்டுமா?"

பொன்சியானோ அதோடு விட்டாரா? சாட்சி சொல்லப் போகிற எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். ஒளிவட்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உபதேசியார் கோபப்பட்டதில்லை. வாழ்நாள்ல ஒரு பொய் சொன்னதில்லை."

பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெரெபெட்வா கழுவின பிரஷ்ஷையே மறுபடியும் கழுவினாள். உள்நாட்டுச் சண்டை நடந்த வருஷம் உபதேசியார் தன் காப்பிக் கிடங்கில் ஏழு பேரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக அவர் என்ன சொன்னார் என்பது, உயிரோடு இருப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைத்து அவள் பொய் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் யாரையும் கிண்டல் செய்யவில்லை. உடம்புக்கு முடியலையா என்று புருஷனே நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

வியாழக்கிழமை ஃபாதர் கயெம்பா வந்தார், கூடவே எழுதுவதற்கு சிஸ்டர் ரெஜினா. ஊரே கோழி அடித்து, வாழைக்காய் மசித்து, கடலைக் குழம்பு வைத்துக் காத்திருந்தது. ஃபாதர் நேரே கோயிலுக்குள் போய்ப் படத்தின் முன் நின்றார்.

"உபதேசியாருக்கு வெயிலே ஆகாது ஃபாதர்," என்றார் பொன்சியானோ, கேட்பதற்கு முன்பே.

"கோயிலுக்குள்ளயும் வெயிலா?" என்று ஃபாதர் தொப்பியின் விளிம்பைத் தொட்டார். மழைக்காலத்தில் பெயிண்ட் எங்கே காய்கிறது? விரல் நுனியில் பழுப்பு ஒட்டிக்கொண்டது, தொட்ட இடத்தில் தங்க நிறம் எட்டிப் பார்த்தது. அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

சாட்சி சொல்லப் பக்கத்து அறையில் பெரெபெட்வாதான் முதல் ஆள். புத்தகத்தின் மேல் கை வைத்து, உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தாள்.

"தொப்பிக்கு அடியில என்னம்மா இருக்கு?" என்றார் ஃபாதர்.

ஜன்னலுக்கு வெளியே பொன்சியானோ இருமினார். காசநோய்க்காரன் தோற்றான், அப்படியொரு இருமல்.

"ஒளிவட்டம் ஃபாதர். நான்தான் போட்டேன், நான்தான் மறைச்சேன். தப்பு என்னோடது, அவரோடது இல்லை."

"ஏன் போட்டீங்க?"

"எனக்காக அவர் பொய் சொன்னார்." இனி நிறுத்த முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. "எனக்கு அப்போ அஞ்சு வயசு. காப்பி மூட்டைக்கு நடுவுல நாங்க ஏழு பேர். எங்கம்மா என் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க. துப்பாக்கிக்காரங்க கதவுகிட்ட வந்துட்டாங்க. அவர் கழுத்துச் சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஆண்டவர்மேல ஆணையா, உள்ள காப்பியைத் தவிர ஒண்ணுமே இல்லை'ன்னார். அவங்க போயிட்டாங்க."

சிஸ்டரின் பேனா நின்றுவிட்டது. வெளியே பொன்சியானோ, "போச்சு, எல்லாம் போச்சு," என்று தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்தார்.

"அது பாவம்னு அவர் நினைச்சாரா?"

"நினைச்சார். மறுநாளே சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ண பன்னிரண்டு மைல் நடந்து போனார். வழியெல்லாம் துப்பாக்கி, போகாதீங்கன்னு எங்கம்மா காலைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க. 'ஆணையிட்டது நான்தானே'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

"நான் அந்தப் பொய்யாலதான் உயிரோட இருக்கேன் ஃபாதர்." அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. "எனக்கு நாலு பிள்ளை, ஆறு பேரப்பிள்ளை. அது பாவம்னா தாராளமா எழுதிக்குங்க. அதுக்குக் கீழ எங்க பதினோரு பேர் பேரையும் எழுதுங்க."

ஃபாதர் கயெம்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எழுதுங்க சிஸ்டர்," என்றார் கடைசியில்.

"எதை ஃபாதர்?"

"பேரை. ஒவ்வொண்ணா."

பெரெபெட்வா தன் பேரிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளைகள் நாலு, பேரப்பிள்ளைகள் ஐந்து, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினோராவதில் நிறுத்தினாள்.

"கடைசிப் பேத்தி பிறந்து ஒன்பது நாள்தான் ஆச்சு. இன்னும் பேர் வைக்கலை."

"பரவாயில்லை," என்றார் ஃபாதர். "சிஸ்டர், அந்தக் குழந்தைக்கு இடம் விட்டு எழுதுங்க."